ஐந்தாவது பத்து

(யூபிலி ஆண்டான 2025இல், சாரல் காலத்தில், தென்காசியில் குடும்பங்களுக்காக நடந்த கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

வெளியே சாரல் அடிக்கிறது. ஐந்தருவியில் இன்று நல்ல தண்ணீர் என்று வரும் வழியில் ஆட்டோக்காரத் தம்பி சொன்னார். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்துக்கு நான் உண்மையாக இருக்க வேண்டும்.

இந்த யூபிலி ஆண்டுக்கு மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் கொடுத்த கருப்பொருள் ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’. கோவில் வாசலில் அந்தப் பலகையை மாட்டிய அன்று எங்கள் தெருப் பெரியம்மை ஒருவர் என்னிடம் கேட்டார்: “எதிர்நோக்குன்னா என்னம்மா? பஸ் வரும் வரும்னு ரோட்டப் பாத்துக்கிட்டு நிக்கமே, அதுவா?” அதுதான் பெரியம்மை என்றேன். பல நாள் படித்துவிட்டு வந்து விளக்கியிருந்தாலும் அவர் அளவுக்கு எனக்குச் சொல்ல வந்திருக்காது.

நம்மில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்தச் சொல் புதிது. நாங்கள் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மூன்று செபங்களை மனப்பாடம் செய்தோம். விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் அந்த மூன்றும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று ஆயின. நம் ஆச்சிமார் விசுவாசம் என்றதை நாம் நம்பிக்கை என்கிறோம். அவர்கள் நம்பிக்கை என்றதை எதிர்நோக்கு என்கிறோம். சொற்கள் இடம் மாறி உட்கார்ந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. இடையில் ‘முயற்சி’ என்ற சொல் கழன்று விழுந்துவிட்டதே, அதில்தான் வருத்தம். லத்தீனில் அங்கே இருப்பது செயல் என்று பொருள்படும் சொல். அதைத் தமிழாக்கிய பெரியவர் யாரோ, முயற்சி என்று எழுதினார். விசுவாசம் மனதுக்குள் தானாகச் சுரக்கும் ஓர் உணர்ச்சி என்று அவர் நினைக்கவில்லை. தினமும் எழுந்து செய்ய வேண்டிய வேலை, சில நாள் செய்ய முடியாமலும் போகும் வேலை என்று அறிந்தே அப்படி எழுதியிருக்கிறார் என்று நம்புகிறேன். இதை நான் என் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

என் கணவர் பேருந்து ஓட்டுநர். செங்கோட்டை, புளியரைப் பக்கம் போகும் வண்டி. 2004 ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு விடியற்காலையில், முதல் டூட்டிக்குக் கிளம்பியவர் காக்கிச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடும்போது சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மகளுக்குப் பதினான்கு வயது, மகனுக்குப் பத்து. நான் அப்போது பன்னிரண்டு ஆண்டுகளாக மறைக்கல்வி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். ஊர்ப் பிள்ளைகளுக்குப் புதுநன்மைக்குத் தயாரிப்பு கொடுத்த நாக்கு அன்றோடு நின்றுவிட்டது. செபம் வரவில்லை. கோவில் மணி அடித்தால் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்துவேன். இதை இத்தனை ஆண்டுகள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இன்று சொல்வதற்குக் காரணம், இந்தக் கூட்டத்தில் சன்னலைச் சாத்தியவர்கள் சிலராவது இருப்பீர்கள் என்று எனக்குத் தெரிவதுதான்.

அடக்கம் முடிந்த அன்று இரவே பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழுவான எங்கள் அன்பியத்துப் பெண்கள் வந்துவிட்டார்கள். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் வீட்டில் செபமாலை சொல்வது எங்கள் ஊர் வழக்கம். எட்டுப் பேர், பத்துப் பேர், மழை வலுத்தால் நாலு பேர். தார்சாவில் பாய் விரித்து, என் கணவர் படத்தின் முன்னால் மெழுகுதிரி ஏற்றி உட்காருவார்கள். நான் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டேன். யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை, வந்து உட்காரு என்று கட்டாயப்படுத்தவும் இல்லை. செபமாலையின் ஐந்து பத்துமணியில் நாலை ஆளுக்கொன்றாகப் பிரித்துச் சொல்வார்கள். ஐந்தாவது பத்து வீட்டுக்காரர்களுக்கு. அதுவும் வழக்கம்தான். நாலாவது முடிந்ததும் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. எனக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். கூரை ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்கும். பிறகு ஒரு ஆச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு அதைத் தானே ஆரம்பிப்பார்.

அந்த ஆச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீடி சுற்றுகிறவர். இந்தப் பக்கத்து ஊர்களில் பீடித்தட்டு இல்லாத தெரு எது? மடியில் சுளகு, அதில் நறுக்கிய இலை, தூள், கத்திரி, நூல்கண்டு. சாயங்காலம் பீடிக்கடைக்குப் போய்க் கணக்கு ஒப்படைத்துவிட்டு வருவதால் செபத்துக்கு எப்போதும் அவர்தான் கடைசி. கூடவே புகையிலை வாடையும் வரும். ஒருநாள் என் மகள் அவரிடம் கேட்டாள், பகல் முழுவதும் கை ஓயாமல் சுற்றுகிறீர்களே, எப்போது செபம் சொல்வீர்கள் என்று. சுற்றும்போதுதான் என்றார். மணியை உருட்டக் கை ஏது ஆச்சி? “பீடிதாம்ளா மணி. ஒரு பீடிக்கு ஒரு அருள்நிறைந்த மந்திரம். இருவத்தஞ்சு சேந்தா ஒரு கட்டு. ரெண்டு கட்டு போட்டா ஒரு செவமால முடிஞ்சிரும்.” நான் கணக்கு டீச்சர். அடுப்படியில் நின்றபடியே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பது பீடி, ஐம்பது மணி. ஆயிரம் பீடி சுற்றினால் இருபது செபமாலை. அந்தக் கூலியையும் அந்தத் தூள் கொடுக்கிற இருமலையும் நான் இங்கே பக்தியாக்கிக் காட்ட வரவில்லை. அவர்களுக்கு நியாயமான கூலி வேண்டும், நெஞ்சுக்கு மருந்து வேண்டும். அந்த உழைப்புக்கு நடுவே ஒரு மனுஷி தன் விசுவாசத்தை எந்த இடத்தில் முடிந்து வைத்திருந்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்தக் கணக்கில் எங்கள் வீட்டுக்கும் சில கட்டுகளை அவர் சுற்றியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து அவர் அடுப்படிக்கே வந்தார். தேற்றவெல்லாம் இல்லை. குடித்த டம்ளர்களைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: “எம்மா, நீ வரவேண்டாம். அஞ்சாவது பத்து ஒன் வீட்டுக்கு உள்ளது. நீ சொல்லுத வரைக்கும் நாங்க சொல்லிக்கிடுதோம்.”

பத்தொன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. துயர மறையுண்மைகள். நாலாவது முடிந்தது, வழக்கம்போல அமைதி. அப்போது என் மகன் குரல் கேட்டது. பத்து வயதுப் பிள்ளை. ஐந்தாம் துயர மறையுண்மை, இயேசு சிலுவையில் அறையப்பட்டு உயிர்விட்டதைத் தியானிப்போமாக என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தான். நடுவில் எண்ணிக்கை தப்பி ஒன்பதிலேயே நிறுத்திவிட்டான். யாரும் திருத்தவில்லை. பத்தாவதை நான் சொன்னேன், அடுப்படியிலிருந்து. எனக்கு அன்று விசுவாசம் திரும்பி வந்ததா என்று கேட்டால், இல்லை. மாதக்கணக்கில் வரவில்லை. ஒரு மணி சொன்னேன். முயற்சி என்று அந்தப் பெரியவர் எழுதியது இதைத்தான் என்று பிறகு புரிந்தது.

உங்களுக்குத் தெரிந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். குற்றாலம் பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. அந்த வேகத்தில் நேராக நம் தலையில் விழுந்தால் ஒருவரும் அதன் அடியில் நிற்க முடியாது. பாதி வழியில் பாறையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, பொங்குமாங்கடல் என்பார்கள். தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, அங்கே கொதித்து, தன் வேகத்தை அங்கேயே விட்டுவிட்டுப் பொங்கி வழிந்து கீழே வருகிறது. அதனால்தான் கைக்குழந்தையோடுகூட அருவிக் கரையில் நிற்க முடிகிறது. 2004இல் என் தலைக்கு மேலே ஒரு பள்ளம் இருந்தது. துக்கமணி அடித்த ஐந்து நிமிடத்தில் வந்த இளைஞர்கள், கல்லறைத் தோட்டத்தில் மழையில் நின்று குழி வெட்டியவர்கள், மூன்று நாள் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் முறைவைத்துச் சோறு கொண்டுவந்த வீடுகள், எதிர்வீட்டு பாய் குடும்பத்திலிருந்து வந்த தேநீர்ச் செம்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் உறையில் போட்டு என் மாமனாரிடம் கொடுத்துவிட்டுப் போனது. துக்கம் குறையவில்லை. முழு வேகத்தோடு என்மீது விழவில்லை.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை வீட்டுத் திருச்சபை என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீடு தனியாகத் திருச்சபையாக இருந்துவிட முடியாது என்பது என் அனுபவம். என் வீட்டில் விளக்கு அணைந்தபோது அடுத்த வீட்டு மெழுகுதிரியை எங்கள் தார்சாவுக்குக் கொண்டுவந்தார்கள். வீடும் பங்கும் சேர்ந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள்.

இது நம் தென்பாண்டிச் சீமையின் பழைய கதையும்கூட. 1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. அந்தச் சபையின் குருக்கள் மதுரை மிஷனுக்குத் திரும்ப 1838 ஆயிற்று. இடைப்பட்ட அறுபத்தைந்து ஆண்டுகள் எத்தனையோ ஊர்களில் ஆண்டுக்கு ஒரு பூசை கிடைப்பதே அருமை. அந்தக் காலத்தில் ஊரின் உபதேசியார் செபம் சொல்லிக்கொடுத்தார், வீட்டில் பெற்றவர்கள் பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொடுத்தார்கள். அப்படிக் கைமாறி வந்ததுதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் இதே கதை. டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்க வழிபாட்டுக்குத் தடை; ஒரு குருவும் இல்லை. 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் அங்கே போனார். யார் வீட்டில் விசுவாசம் மிச்சம் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அதைப் பார்த்ததும் எந்த வீட்டுக் கண்கள் நின்றனவோ அங்கே திருச்சபை இருந்தது. சில்லாலையில் அந்தக் குடும்பங்கள் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றின. அவருக்கு 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது.

அதே சனவரி 14ஆம் நாள்தான், 1752இல், ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் முன்பு நட்டாலத்து நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அலுவலர். அவர் மனம் மாறியது எந்த மேடைப் பிரசங்கத்திலும் இல்லை. மாடுகள் செத்து, சொத்து கரைந்து, முகம் வாடி வேலைக்கு வந்தவரிடம், உடன் பணிசெய்த டிலனாய் என்ன கவலை என்று கேட்டார். டிலனாய் 1741இல் குளச்சலில் தோற்று, பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்த டச்சுத் தளபதி. அவர் யோபுவின் கதையைச் சொன்னார். வீட்டுக் கஷ்டத்தைக் கேட்க ஒருவர் நேரம் ஒதுக்கியதில் தொடங்கிய விசுவாசம் அது. 1745 மே 14ஆம் நாள் வடக்கன்குளத்தில் நீலகண்ட பிள்ளை புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 2022 மே 15ஆம் நாள் உரோமையில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் வழங்கியபோது, குருவோ துறவியோ அல்லாத இந்தியர் ஒருவர், இல்லறத்தார் ஒருவர், முதன்முதலாகப் பீடத்தில் ஏறினார் என்று நாம் கொண்டாடினோம். நான் அன்று ஞானப்பூவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கணவர் சிறையிலும் சித்திரவதையிலும் கழித்த அந்த மூன்று ஆண்டுகள், அதன்பிறகு சொந்த ஊரை விட்டு வடக்கன்குளத்தில் விதவையாக வாழ்ந்து அங்கேயே அடங்கிய அவர் ஆயுள். அவருக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்து செபம் சொன்னார்கள்? அந்த ஊர்ப் பெண்கள் யாராவது சொல்லித்தான் இருப்பார்கள்.

அதே வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவள் ஆவேன். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய கோவிலில் ஒரே பீடத்துக்கு எதிரே இரண்டு கூடங்கள், நடுவே சுவர். ஒரு சாதியார் இன்னொரு சாதியாரைப் பார்க்காமல் பூசை காண்பதற்கு. 1910இல் கௌசானல் அடிகள் அந்தச் சுவரை இடித்தார். எதிர்த்தவர்கள் வழக்குக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் கேட்ட உரிமையை ஏற்கவில்லை. சுவர் போய் நூறாண்டுக்கு மேல் ஆகிறது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், சப்பரம் தூக்குவதில், கல்லறையில் இடம் ஒதுக்குவதில், பங்குப் பேரவைக்கு ஆள் எடுப்பதில், அந்தச் சுவரின் செங்கல் ஒன்றுகூட நம்மிடம் இல்லையா? என் அன்பியத்திலேயே ஒரு வீட்டில் செபம் என்றால் சிலர் வாசலோடு நின்றுகொண்ட காலம் இருந்தது. தண்ணீர் குடிக்காமல் எழுந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். அது பாவம். அதற்கு வேறு மென்மையான பெயர் எனக்குத் தெரியாது. பிறர் வீட்டு டம்ளரில் குடிக்க மாட்டேன் என்கிறவருக்கு ஒரே கிண்ணத்திலிருந்து பகிர்ந்த ஆண்டவரின் பந்தியில் என்ன வேலை?

பங்கு நிர்வாகத்தில் இருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. திருவிழா வரி வாங்குவதற்கு வீட்டுக்கு வீடு வருகிறீர்கள், நோட்டில் குறிக்கிறீர்கள், பாக்கி வைத்தவர் பெயரை மறக்காமல் வைத்திருக்கிறீர்கள். கொடியேற்றம், தேர், அசனம் எல்லாம் வேண்டும். நானும் அதில் வளர்ந்தவள்தான். ஆனால் அந்த நோட்டில் இன்னொரு பக்கம் இருக்கட்டும். யார் வீட்டுப் பிள்ளை வளைகுடாவுக்குப் போய்ச் சம்பளம் வராமல் தவிக்கிறது, எந்த வீட்டில் குடியால் அடுப்பு எரியவில்லை, எந்தத் தாத்தா மூன்று வாரமாகப் பூசைக்கு வரவில்லை. வரி பாக்கிக்காக மட்டுமே கதவைத் தட்டுகிற பங்குக்கு, அந்த வீட்டாரிடம் விசுவாசத்தைக் கேட்க உரிமை கிடையாது.

காலம் மாறிவிட்டது, தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது என்பீர்கள். உண்மைதான். என் மகன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். ஞாயிறு இரவு எட்டரைக்கு வீடியோவில் வருவான். மகள் கோயம்புத்தூரிலிருந்து வருவாள். நான் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொள்வேன். மூன்று ஊரிலிருந்து செபம் சொன்னால் ஒருவர் குரல் பிந்தி வரும், சிக்னல் போய்விடும், பேத்தி நடுவே வந்து பொம்மையைக் காட்டுவாள். ஐந்தாவது பத்தை எப்போதும் மகன்தான் சொல்வான், யாரும் சொல்லி வைக்காமலே. போன மாதம் எதையோ நினைத்துக்கொண்டு ஒன்பதில் நிறுத்திவிட்டான். நான் பத்தாவதைச் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அந்தப் பீடி ஆச்சி இன்று இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் இறந்தார். முப்பது நாளும் அவர் வீட்டுக்குப் போனேன். ஐந்தாவது பத்துக்கு ஆச்சி வீட்டில் சொல்ல ஆள் இல்லை, ஒரே மகன் வராந்தாவில் குடித்துவிட்டுப் படுத்திருந்தார். நாங்கள் காத்திருந்தோம். பிறகு நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். கடைசி வரை அவர் எழுந்து வரவில்லை. இப்போதும் மாதம் ஒருநாள் அந்த வீட்டில் செபம் வைத்திருக்கிறோம்.

என் பேச்சு முடிந்தது. ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போகும்போது உங்கள் தெருவை ஒரு முறை பாருங்கள். சன்னல் சாத்திய வீடு ஒன்று இருக்கும். இந்த வாரம் அன்பியச் செபத்தை அங்கே வையுங்கள். அவர்களை வெளியே வரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், புத்தி சொல்லாதீர்கள், குடித்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வாருங்கள். நாலு பத்தை நீங்கள் சொல்லுங்கள். ஐந்தாவதை அவர்களுக்கு விட்டுவையுங்கள், கொஞ்ச நேரம் காத்திருங்கள்.